வேப்பிலைக்கு வெளியே

சிறைச்சாலை,
8 ஜனவரி 2024

மச்சான் லோகேஸ்வரன் அவர்களுக்கு,

புவனேசன் எழுதுவது. நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உடம்பு இருக்கிறது, அவ்வளவுதான். நீங்களும் நளினி அக்காவும் என் மகள் ரூபினியும் சுகமாக இருக்க வேண்டும்.

பதின்மூன்று வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்க்கிறீர்கள். கிழிக்கும் முன் ஒரு தடவை படித்துவிடுங்கள். சட்டம் மாறியிருக்கிறது. கொலைக்குத் தூக்குத்தான் என்ற கட்டாயம் இப்போது இல்லையாம். மனுப் போட்டிருக்கிறேன். கோர்ட்டு மறுபடி பார்த்து, தூக்கை எடுத்துவிட்டு முப்பது நாற்பது வருடம் கொடுக்கலாம். கொடுக்காமலும் போகலாம். எனக்காக தலீலா என்று ஒரு லாயர் அம்மா வருகிறார். "செத்துப்போனவங்க குடும்பத்துலேருந்து ஒரு கடிதம் இருந்தா நல்லாருக்கும்லா. கேட்டுப் பாருங்க" என்றார்.

காஞ்சனாவுக்குக் குடும்பம் என்றால் கூடப்பிறந்த அண்ணன் நீங்கள். யுகேந்திரனுக்குத் தாய்மாமன் நீங்கள். என் அம்மா மருதம்மாளுக்கு என்னைத் தவிர யாரும் இல்லை, அதனால் அவள் பக்கம் போய்க் கேட்க ஆள் இல்லை. மூன்று பேருக்கும் சேர்த்து உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மன்னித்தேன் என்று எழுதச் சொல்லவில்லை. உயிரோடு கிடக்கட்டும் என்று ஒரு வரி போதும். பயமாக இருக்கிறது மச்சான்.

தமிழில் எழுதுவதால் தமிழ் தெரிந்த வார்டர் படித்த பிறகுதான் வெளியே போகும். உங்கள் பதிலும் அப்படித்தான் உள்ளே வரும். தாமதமானால் கோபிக்காதீர்கள்.

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

புவனேசன்


குருண்,
11 பிப்ரவரி 2024

புவனேசன்,

கடிதத்தின் முதல் வரியில் எல்லாரும் எல்லாரிடமும் கேட்கும் கேள்வியை நான் உன்னிடம் கேட்கப்போவதில்லை. நீ நலமாக இருக்கக்கூடாது என்று பதின்மூன்று வருடமாக வேண்டிக்கொண்டிருப்பவன் நான். எனக்குச் சாமி கிடையாது என்பது உனக்குத் தெரியும். சுவரைப் பார்த்து வேண்டிக்கொள்கிறேன்.

பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்தில் ஒரே லயத்தில் வளர்ந்தோம். ஒரே பெஞ்சில் படித்தோம். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன், நீ செம்பனைப் பழ லோரியில் ஏறினாய். அதில் எனக்குக் குறையில்லை. வந்த ஆசிரியர் மாப்பிள்ளையைத் தட்டிவிட்டு என் தங்கை உன் பின்னால் வந்தாளே, அதை எனக்குச் சொன்னது யார் தெரியுமா? பாசாரில் மீன்காரன். "சிக்கு, தங்கச்சிக்கு ரெஜிஸ்தர் முடிஞ்சிருச்சாமே, சாப்பாடு எப்பலா?" என்று வாத்தியாரான என்னை நாலு பேர் முன்னால் கேட்டான். அந்தக் கெம்போங் மீனின் வாடை இன்றும் என் மூக்கில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நீ அவளை அடித்தாய். லோரி வேலை போனது, அடித்தாய். வேலை கிடைத்தது, யாரைப் பார்த்துச் சிரித்தாய் என்று கேட்டு அடித்தாய். 2011 மார்ச்சில் ஒரு காலையில் அவளையும், நாலு வயது மகனையும், தடுக்க வந்த பெற்ற தாயையும் பாராங் கத்தியால் வெட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாய். பக்கத்து வீட்டு அழகம்மாள்தான் போலீசுக்குப் போன் செய்தாள். நீ ஓடக்கூட இல்லை.

அடுத்த வருடம் தலைமையாசிரியர் நாற்காலி எனக்கு வர வேண்டியது. கொலைகாரனின் மச்சான் வேண்டாம் என்று எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே வேறொருவரை உட்காரவைத்தார்கள்.

ரூபினிக்கு இருபது வயது. சுங்கை பட்டாணியில் தாதிமை படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள். அவள் அடையாள அட்டையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் 'மகள்' என்று போட்டு உன் பெயர் இருக்கிறது. எந்தக் கவுண்டருக்குப் போனாலும் இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். அவள் எழுந்து போகிறாள். இதற்கு மேல் நீ அவளுக்கு எதுவும் தர வேண்டியதில்லை. உன் கடிதம் வந்தது அவளுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கும்.

ஒரு வரியும் எழுத மாட்டேன். என் முழங்காலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

லோகேஸ்வரன்


சிறைச்சாலை,
26 பிப்ரவரி 2024

மச்சானுக்கு,

வணக்கம். கடிதம் வந்தது. நீங்கள் எழுதியதில் ஒன்றும் பொய் இல்லை.

ரூபினி தாதிமை படிக்கிறாள் என்ற வரியை நிறைய தடவை படித்தேன். நன்றி.

ஒன்று மட்டும் கேட்கலாமா? அந்த மார்ச்சில் அவளுக்கு அம்மை போட்டிருந்தது. உங்கள் வீட்டுக் கேட்டில் வேப்பிலை கட்டியிருந்தீர்கள். அந்த வேப்பிலை எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது. அவளுக்கு மூன்று தண்ணீரும் முறையாக ஊற்றினீர்களா? முகத்தில் தழும்பு நின்றுவிட்டதா?

நளினி அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். வெயில் அதிகம் என்கிறார்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

புவனேசன்


குருண்,
6 மே 2024

புவனேசன்,

பத்து வாரம் எடுத்துக்கொண்டேன். இனிப்பு நீர் கூடிவிட்டது, கிளினிக்குக்கு அலைந்தேன் என்று காரணம் சொல்லலாம். உண்மையில் உன் கடிதத்தை அலமாரியில் வைத்துவிட்டு அதைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

வேப்பிலையைப் பற்றி எதற்குக் கேட்டாய்? நாற்பது வருடம் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தியவன் நான். ஒருவன் எதை எழுதுகிறான், எதை எழுதாமல் விடுகிறான் என்று எனக்குத் தெரியும். மிரட்டுகிறாய் என்றால் நேராக மிரட்டு. வார்டர் படித்தால் படிக்கட்டும்.

நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நீ கேட்ட கடிதத்தை எழுதித் தருகிறேன். ஒரு வரி அல்ல, ஒரு பக்கம். குடும்பத்தின் சார்பில் மன்னிக்கிறோம், தண்டனையைக் குறைக்க ஆட்சேபணை இல்லை என்று மலாயில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். உன் லாயருக்கு அது போதும்.

பதிலுக்கு இரண்டு காரியம். ரூபினிக்கு நீயாக எழுதக்கூடாது. கொலைக்கு முந்தின நாள் மாலை என் வீட்டு வாசலில் நடந்ததைப் பற்றி, அவள் கேட்டாலும், யார் கேட்டாலும், கோர்ட்டில் நான் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது.

அவளுக்கு மூன்று தண்ணீரும் ஊற்றினோம். இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருக்கிறது. போதுமா?

லோகேஸ்வரன்


சிறைச்சாலை,
20 மே 2024

மச்சானுக்கு,

வணக்கம். இனிப்பு நீருக்கு மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். இங்கே என் பக்கத்து அறைக்காரருக்குக் கால் விரலை எடுத்துவிட்டார்கள்.

சம்மதம். இரண்டுக்கும் சம்மதம். மிரட்ட நினைத்து எழுதவில்லை. ஆனால் எழுதி முடித்துப் படித்தபோது மிரட்டல் போலத்தான் இருந்தது. அந்த வரிகளை அடித்து எடுக்காமல் அனுப்பினேன். அதுவும் என் குணம்தான்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். நான் குடிபோதையில் செய்தேன் என்று கோர்ட்டில் பேசினார்கள். நான் குடிக்கவில்லை. பிள்ளைக்கு அம்மை என்று தெரிந்த நாளிலிருந்து சாராயம் தொடவில்லை, மீன்கூட சாப்பிடவில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்று அவ்வளவு சுத்தமாக இருந்தேன். அந்தச் சுத்தத்தோடுதான் மூன்று பேரையும் வெட்டினேன். குடித்திருந்தேன் என்றால் கொஞ்சம் மனிதனாகத் தெரிவேன் என்று அன்றைய லாயர் சொன்னார், சும்மா இருந்தேன்.

நீங்கள் சாட்சி சொன்னபோதும் சும்மா இருந்தேன். "சொல்றது சரியா?" என்று கேட்டார்கள், தலையாட்டினேன். மூன்று உயிரை எடுத்தவன், வாசலைத் தாண்டினேனா இல்லையா என்று வாதாட வெட்கமாக இருந்தது.

ஆனால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்று நீங்கள் உள்ளே போய்க் காஞ்சனாவிடம் ஏதோ சொன்னீர்கள். எனக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் வெளியே வந்தாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. அவளிடம் என்ன சொன்னீர்கள்?

புவனேசன்


குருண்,
9 ஜூன் 2024

புவனேசன்,

கடிதத்தை நேற்று தலீலாவின் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். நகல் இதனுடன் இருக்கிறது. அழகான மலாய். என் மாணவன் எவனும் இப்படி எழுத மாட்டான்.

உன் கேள்விக்குப் பதில் இல்லை. நம் உடன்பாட்டில் கேள்வி கேட்பது இல்லை.

லோகேஸ்வரன்


சுங்கை பட்டாணி,
30 ஜூன் 2024

திரு. புவனேசன் அவர்களுக்கு,

எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் இப்படி எழுதுகிறேன். நான் ரூபினி. நலமா என்று கேட்பது வழக்கம். கேட்டுவிட்டேன்.

போன வாரம் லாயர் தலீலா விடுதிக்கு வந்தார். "உங்க மாமா மன்னிச்சுக் கடிதம் குடுத்துட்டாரு. மகள் நீங்களும் ஒரு சைன் போட்டா இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கும்" என்றார். மாமா உங்களை மன்னித்தாரா! டிவியில் சிறைச்சாலையைக் காட்டினாலே சானல் மாற்றுகிறவர். எனக்கு நம்ப முடியவில்லை. கையெழுத்துப் போடும் முன் வழக்குக் காகிதங்கள் எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்றேன். கொடுத்தார்.

படங்களைப் பார்க்கவில்லை. மற்றது முழுவதும் படித்தேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மாமாவின் சாட்சியத்தில், 'மாலை ஐந்து மணிக்கு அவன் என் வீட்டுக்குள் நுழைந்தான், ஹாலில் இருந்த என் தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான், என்னால் தடுக்க முடியவில்லை' என்று இருக்கிறது. நீங்கள் அதை ஒப்புக்கொண்டதாகவும் இருக்கிறது.

ஒரே கேள்வி. அன்று நீங்கள் வீட்டுக்குள் வந்தீர்களா?

ரூபினி


சிறைச்சாலை,
15 ஜூலை 2024

அன்புள்ள ரூபினிக்கு,

சாப்பிடாமல் இருக்காதே. புருவத்துக்கு மேல் தழும்பு இருப்பதாக மாமா எழுதினார். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்.

உன் மாமா கோர்ட்டில் சொன்னது உண்மை. நான் உள்ளே வந்தேன். அம்மாவை இழுத்துக்கொண்டு போனேன். உன்னைக் காப்பாற்றி வளர்த்தவர் அவர். அவரைச் சந்தேகப்படாதே.

எனக்காகக் கையெழுத்துப் போட வேண்டாம்.

புவனேசன்


சுங்கை பட்டாணி,
4 ஆகஸ்ட் 2024

மாமா,

நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வாட்சாப்பில் கேட்டால் படித்துவிட்டுப் பதில் போடாமல் இருப்பீர்கள். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தில்தான் பதில் வேண்டும்.

சிறையிலிருந்து வந்த கடிதத்தின் நகலை வைத்திருக்கிறேன், படியுங்கள். இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்கிறீர்கள். அம்மா விஷயத்தில் நீங்கள் இருவரும் ஒத்துப்போவது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

நான் ஹாலில்தான் படுத்திருந்தேன் மாமா. காய்ச்சலில் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிட்டீர்கள். பாய்க்கு மேல் வேப்பிலை பரப்பியிருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகக் கேட் தெரிந்தது. அப்பா ரோட்டில் நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தார் ரோட்டில் வெறுங்காலோடு, காலை மாற்றி மாற்றி நின்றார். உள்ளே வரவேயில்லை.

அம்மை போட்ட வீட்டில், கேட்டில் வேப்பிலை தொங்கும்போது, அவரைப் போல ஆத்தாவுக்குப் பயந்தவர் விறுவிறுவென்று ஹாலுக்குள் நுழைந்து ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்தார் என்று நம்மில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நீதிபதிக்கு அது தெரிய நியாயமில்லை. நீங்கள் வேப்பிலை கட்டியிருந்ததையே சொல்லவில்லை. எங்களுக்குப் பாடம் நடத்தும்போது, பொய் சொல்கிறவன் எதை விட்டுவிடுகிறான் என்று பார் என்பீர்களே, அதைத்தான் பார்த்தேன்.

கொன்றது அவர். அதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. அவருக்காக நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, போடுவேனா என்றும் தெரியவில்லை. ஆனால் அம்மா தானாக எழுந்து வெளியே போனாள், அதோடு எனக்குக் கண் செருகிவிட்டது. நீங்கள் அவளிடம் சொன்னதை நான் கேட்டேன். பதின்மூன்று வருடமாக அதைக் கனவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகுதானே அம்மா இல்லை என்று சொன்னீர்கள்! அதற்கு முன்னால் கேட்டது எல்லாமே காய்ச்சல் என்றுதான் இருந்தேன்.

நான் கேட்டதை இங்கே எழுத மாட்டேன். நீங்கள் எழுதுங்கள். அதுவரை குருணுக்கு வர மாட்டேன். அத்தைக்கு மட்டும் போன் செய்வேன்.

ரூபினி


குருண்,
20 அக்டோபர் 2024

ரூபினி,

நீ நலமாக இருக்க வேண்டும். இந்த ஒரு வரியை நான் வழக்கத்துக்காக எழுதவில்லை.

இரண்டரை மாதமாகிவிட்டது. உன் அத்தை தினமும், "அந்தப் புள்ளைக்கு எழுதுனீங்களா, இல்லையாலா?" என்று கேட்கிறாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அன்று அவள் வேப்பிலை வாங்கக் கோயிலுக்குப் போயிருந்தாள்.

உன் அம்மா உங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து ஐந்து நாளாகியிருந்தது. கன்னத்தில் வீக்கம். வந்த மறுநாளே உனக்கு அம்மை போட்டது. அந்த ஐந்து நாளும் அவள் எதிரில் நான் பேசியது ஒன்றே ஒன்றுதான்: "நீயா தேடிக்கிட்டது." சோறு போட்டேன், பாய் போட்டேன், அதையும் சொன்னேன். அவள் தோற்று வந்திருந்தாள். பத்து வருடமாகப் பாசாரில் நான் பட்ட அவமானத்துக்கு அதைப் பார்ப்பது எனக்குத் தேவையாக இருந்தது.

அன்று அவன் வந்து நின்றபோது அவள் என்னிடம் சொன்னது: "அண்ணே, மூணாந் தண்ணி ஊத்துற வரைக்கும் இருந்துக்கிறேண்ணே. அவரு வேப்பிலையத் தாண்ட மாட்டாரு. பயப்படுவாரு." அவளுக்கு அவனைத் தெரிந்திருந்தது. இந்த வீட்டுக்குள் இருக்கும் வரை அவளை யாரும் தொட்டிருக்க முடியாது.

நான் சொன்னது இது. நீ கேட்டதோடு ஒத்துப்பார்த்துக்கொள்.

"அம்ம போட்ட வூட்டுல புருஷன் பொண்டாட்டி பஞ்சாயத்து ஆகாது. ஆத்தா கோவிச்சுக்குவா. வெளிய போயிப் பேசு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீயாண்ணே ஆத்தாங்கற?" என்று சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். விபூதிகூட வைக்காதவன் நான். நான் சொன்னால் அதில் ஏதோ இருக்கும் என்று நினைத்திருப்பாள். நம்பாத சாமியின் பெயரைச் சொல்லி என் தங்கையை வாசலுக்கு அனுப்பினேன். ரோட்டில் கூட்டம் கூடுகிறது, எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள். எனக்கு அவ்வளவுதான் அவசரம்.

நேற்று தலீலாவைப் பார்த்தேன். நான் கொடுத்த மன்னிப்புக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அது விலைக்குக் கொடுத்த மன்னிப்பு. அதற்குப் பதில், அவன் என் வீட்டுக்குள் வரவில்லை, நான்தான் அவளை வெளியே அனுப்பினேன் என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். "சிக்கு, பொய்ச்சாட்சின்னு கேஸ் வரலாம், யோசிச்சுக்குங்க" என்றார். வரட்டும். அவனைத் தூக்கில் போட வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நான் எழுதவில்லை. அதைச் சொல்லும் இடத்தில் இப்போது நீ ஒருத்திதான் இருக்கிறாய். நவம்பர் பன்னிரண்டாம் தேதி விசாரணை. நீ கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

நீ கேட்டது இவ்வளவுதான். பாயில் படுத்திருந்த உனக்குத் தெரியாதது இரண்டு. அதைச் சொல்லாமல் முடித்தால் இந்தக் கடிதமும் அந்தச் சாட்சியத்தைப் போலத்தான்.

அவள் இங்கே இருக்கிறாள் என்று அவனுக்குப் போன் செய்தது நான். பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தால் தகப்பனுக்குச் சொல்லாமல் இருக்கக்கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

இன்னொன்று. உன் அம்மா வெளியே போய் அவனோடு கிளம்பியபோது உன் தம்பி யுகேந்திரன் போகவில்லை. போர்ட்டிகோவில் என் மோட்டார்சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நான் மாமா வூட்லயே இருக்கேன்" என்றான். உன் அம்மாவும், "அவன் இருக்கட்டும்ணே" என்றாள். "இங்க இருந்தா இவனுக்கும் ஒட்டிக்கும், கூட்டிக்கிட்டுப் போ" என்றேன். வேப்பிலை கட்டிய கேட்டைத் தொடவும் உன் அப்பா தயங்கினான். அதனால் நான்தான் பையனைத் தூக்கி, கேட்டுக்கு மேலாக அவன் கையில் கொடுத்தேன். பையனின் ஒரு செருப்பு கழன்று நம் பக்கம் விழுந்தது.

அதையும் எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தேன்.

லோகேஸ்வரன்